சீனக்காரம்: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பது என் வேலை. புறக்கோட்டை கபோஸ் லேனில் நாட்டுமருந்து வாங்கப் போகிறவர்கள் ஒரு பொட்டலம் சீனக்காரமும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். அதை எப்படிப் பாவிப்பது என்று கேட்க எங்களிடம் வருவார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தவைதான் இவை.

சீனக்காரம், படிகாரம், அலம் என்கிறார்கள். மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். நம்மவர்கள் சீனக்காரம் என்பதைத் தமிழ்நாட்டில் படிகாரம் என்பார்கள். சிங்களத்திலும் ஏறக்குறைய நம்முடைய பெயர்தான், அதனால் கடையில் எந்த மொழியில் கேட்டாலும் கிடைக்கும். பாடப் புத்தகத்தில் இது பொற்றாசியம் அலுமினியம் சல்பேற்று. பொற்றாசியமும் அலுமினியமும் ஒரே பளிங்குக்குள் சேர்ந்திருக்கும் இரட்டை உப்பு. கையில் எடுத்தால் உலர்ந்த கல், ஆனால் அதன் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

நம்ப முடியாவிட்டால் ஒரு சிறு துண்டை இரும்புத் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்துப் பாருங்கள். 92 பாகை செல்சியஸ் அளவில் கல் தன் தண்ணீரிலேயே உருகி, தாச்சியின் அடியில் கண்ணாடிபோலப் பரவும். பிறகு சடசடவென்று கொப்புளித்து நுரை எழும்பும். கடைசியில் அப்பளம் பொரிந்ததுபோல வெள்ளையாக, பஞ்சாக, தொட்டால் நொறுங்கும் ஒன்று மிஞ்சும். நாட்டு வைத்தியர்கள் 'பொரித்த சீனக்காரம்' என்பது இதைத்தான்.

இன்னொரு விசயம். தண்ணீர் சுத்திகரிக்க மூட்டை மூட்டையாக வரும் 'அலம்' பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்பேற்று, அதில் பொற்றாசியம் கிடையாது. வேலை ஒன்று, சரக்கு வேறு.

பெயரில் காரம் இருக்கிறதே, அப்படியென்றால் இது காரமா?

இல்லை, அமிலத்தன்மை உள்ளது. கரைசலில் பாசிச்சாயத் தாளை நனைத்தால் நீலம் சிவப்பாகும். நாக்கில் பட்டால் முதலில் லேசான இனிப்பு, அடுத்த கணம் வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு.

பெயர்க் குழப்பத்தில் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் வெங்காரமும் இருக்கும், நவச்சாரமும் இருக்கும். வெங்காரம் போறன் சேர்ந்த உப்பு, உள்ளே போனால் நஞ்சு. தூளாக்கிக் காகிதத்தில் மடித்துவிட்டால் வெள்ளைத் தூள்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் தூளாக வாங்காதீர்கள், கல்லாகவே வாங்குங்கள். பொட்டலத்தின் மேல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கலங்கின தண்ணியில் போட்டால் எப்படித் தெளிகிறது, மிஸ்?

ஆற்றுத் தண்ணீரைக் கலக்குவது களிமண்ணின் நுண்ணிய துணிக்கைகள். அவை எல்லாம் மறை ஏற்றம், அதாவது நெகட்டிவ் மின்னேற்றம், கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால், ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாலும் அடியில் இறங்காது. சீனக்காரம் கரைந்ததும் நேர் ஏற்றம் கொண்ட அலுமினியம் அயன்கள் வெளியே வந்து அந்தத் தள்ளலை அடக்கிவிடும். கூடவே அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து அலுமினியம் ஐதரொட்சைட்டு என்ற வழுவழுப்பான வீழ்படிவாகும். அது பஞ்சுபோலக் கீழே இறங்கும்போது வழியில் கிடக்கும் துணிக்கைகளை ஒட்டிக்கொண்டு போகும்.

கண்ணாடிக் குவளையில் செய்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீருக்குள் ஊசிமுனை அளவு பொட்டுகள் தோன்றும், அவை ஒட்டிப் பெருத்துத் தேங்காய்ப்பூத் துருவல்போல ஆகும், மெதுவாக அடியில் படியும். சிதறியதைத் திரட்டுவதுதான் இந்தக் கல்லின் பிரதான வித்தை. இரத்தத்திலும் தோலிலும் துணியிலும் அது செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. கீழே வரும் கேள்விகளுக்குப் பாதிப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

தெளிந்த பிறகு அப்படியே குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்றபோது, சீனக்காரம் கேட்டு வந்தவர்கள் அநேகம். வெள்ளத் தண்ணீரோடு மலசலகூடக் குழியும் கலந்திருக்கும். கல்லைக் கலக்கினால் சேறு இறங்கும், அதோடு ஒட்டிக்கொண்டு கிருமிகளில் ஒரு பங்கும் இறங்கும். மிச்சக் கிருமிகள் அந்தக் கண்ணாடித் தண்ணீரிலேயே உயிரோடு இருக்கும். தெளிவைப் பார்த்து மனம் நம்பிவிடுகிறது, அதுதான் பெரிய ஆபத்து. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் தெளிந்த தண்ணீரிலும் வரும்.

ஒரு வாளிக்கு, அதாவது 20 லீட்டருக்கு, 1 கிராம் அளவு போதும். தூளாக்கினால் கால் தேக்கரண்டி அளவில் வரும். முதலில் ஒரு கோப்பை தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். வாளியில் ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். அந்த மெதுவான கலக்கலை விட்டுவிடாதீர்கள், பொட்டுகள் சேர்ந்து பெருப்பது அப்போதுதான். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடித்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கிணற்றுக்கு எவ்வளவு போடுவது?

ஐந்து அடி விட்டமுள்ள கிணற்றில் பத்து அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 5,500 லீட்டர். லீட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் என்று வைத்தால் 165 முதல் 275 கிராம் வரை. ஒரு கிலோவை அப்படியே கிணற்றுக்குள் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு கூடினால் தண்ணீர் புளித்துத் துவர்க்கும், சில வேளை மறுபடி கலங்கும்.

என்னைக் கேட்டால் கிணற்றுக்குள் போடவே வேண்டாம். இறங்கின சேறு அடியில்தான் கிடக்கும், அடுத்த வாளி இறங்கியதும் மேலே வந்துவிடும். அள்ளின தண்ணீரை வாளியில் தெளிய வைப்பது நல்லது. வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இறைத்துச் சுத்தம் செய்து, உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லி டி.சி.எல். பவுடர் என்ற குளோரின் தூள் போட வேண்டும். அந்த வேலையைச் சீனக்காரம் செய்யாது.

பைப் தண்ணியிலும் இதைப் போடுகிறார்களாமே?

ஆமாம், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கொழும்புக்கு வரும் தண்ணீரின் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. இப்படியான நிலையங்களில் அலுமினியம் சல்பேற்று அல்லது அதன் உறவான பொலி அலுமினியம் குளோரைட்டு சேர்த்துச் சேற்றைத் திரட்டி, அடைய விட்டு, மணலில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்ப்பார்கள். அலுமினியத்தின் பெரும்பகுதி சேற்றோடு போய்விடும். ஒழுங்காக நடக்கும் பெரிய நிலையங்களில் வெளியேறும் தண்ணீரில் லீட்டருக்கு 0.1 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக வைத்திருக்க முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிறிய நிலையங்களுக்கு 0.2.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கோர்ன்வாலில், கேமல்போர்ட் என்ற ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலையத்தில், லொறியில் வந்த 20 தொன் அலுமினியம் சல்பேற்றுக் கரைசலைத் தவறான தாங்கிக்குள் இறக்கிவிட்டார்கள். சுமார் 20,000 பேருக்கு அந்த அமிலத் தண்ணீர் போனது. அது குழாய்களின் செம்பைக் கரைத்ததால் சிலருடைய தலைமுடி பச்சையாகக்கூட மாறியது. பைப் தண்ணீர் திடீரென்று புளித்தாலோ துவர்த்தாலோ குடிக்காமல் உடனே நீர் வழங்கல் சபைக்கு அறிவியுங்கள்.

சலூனில் சவரம் செய்ததும் முகத்தில் தேய்க்கிறார்களே, அது நல்லதா?

கல் நல்லது. வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தப் புரதங்களைத் திரளச் செய்து சின்னக் கசிவை நிறுத்தும், தோலைச் சுருக்கும். வெட்டில் பட்டால் கொஞ்சம் எரியும்.

என் கவலை எல்லாம் சலூனில் எல்லோருக்கும் தேய்க்கும் அந்த ஒரே கல்லைப் பற்றியது. போன மாதம் என் தம்பியோடு ஒரு சலூனுக்குப் போயிருந்தேன். சின்னத் தட்டில் ஈரத்தோடு கிடந்தது கல். தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்து, பழைய சவர்க்காரக் கட்டிபோல இருந்தது. பிளேட்டை ஒவ்வொருவருக்கும் புதிதாக உடைக்கிறார்கள், மிகவும் சரி. ஆனால் அதே கல் ஒருவருடைய வெட்டிலிருந்து அடுத்தவருடைய வெட்டுக்குப் போகிறது. ஹெப்படைட்டிஸ் பி போன்றவை கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்திலும் தொற்றும். சீனக்காரம் அந்த வைரஸைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு சிறு கல்லை வாங்கி உங்கள் பையிலேயே கொண்டு போங்கள். 'அண்ணை, இதைப் பாவியுங்கோ' என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக்கும் கொப்பளிக்கலாமா?

பெரியவர்கள் செய்யலாம். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை, கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. கல்லை நேரே புண்ணில் வைத்து அழுத்தினால் புண் ஆழமாகும். கைக்குழந்தையின் வாயில் ஒருபோதும் பூசாதீர்கள். இரண்டு கிழமையில் ஆறாத வாய்ப்புண்ணை, அதிலும் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள், டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அக்குள் வியர்வைக்கு?

நாற்றத்தைக் குறைக்கும். 'அலுமினியம் இல்லாதது' என்று சொல்லிச் சிலர் இந்தக் கல்லையே அழகான டப்பாவில் விற்கிறார்கள். அது சரியான தகவல் அல்ல, கல்லே அலுமினிய உப்புத்தான். வியர்வையை அடைக்கும் ரோல்-ஓன்களில் இருப்பது அலுமினியம் குளோரோஹைட்ரேட். அதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு இதுவரை உறுதியான சான்று இல்லை.

காஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும் வெள்ளை மருந்திலும் இதுதான் இருக்கிறதா?

அதில் இருப்பது அலுமினியம் ஐதரொட்சைட்டு. வாளியில் பஞ்சாக இறங்கியதாகச் சொன்னேனே, வேதியியலில் அதே பொருள், மருந்துத் தரத்தில் செய்தது. வயிற்று அமிலத்தை மெல்ல நடுநிலையாக்கும். தனியாகக் குடித்தால் மலம் கட்டும். மக்னீசியம் ஐதரொட்சைட்டு வயிற்றை இளக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே போத்தலில் சேர்க்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை நான் ஒவ்வொரு போத்தலோடும் சொல்லி அனுப்புவேன். முதலாவது, இது மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டெட்ராசைக்கிளின், சிப்ரோஃப்ளொக்சசின், இரும்புச்சத்துக் குளிசை, தைரொயிட் குளிசை எதுவாக இருந்தாலும் இடைவெளி விட வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரமாவது, தைரொயிட் குளிசைக்கு நான்கு. 'ஊரில் எழுதிக் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை' என்று வந்த ஒரு அம்மாவிடம் கேட்டால், காலையில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்து வந்திருக்கிறார்.

இரண்டாவது சிறுநீரக நோயாளிகளுக்கு. உடலுக்குள் உறிஞ்சப்படும் அலுமினியம் சொற்பம், அதையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது பழுதானால் எலும்பிலும் மூளையிலும் சேரும். 1970களில் டயலிசிஸ் செய்தவர்களில் சிலருக்குப் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, மரணம் வரை போனது. டயலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியமே பிரதான காரணம் என்று பிறகு தெரிந்தது. இன்று அந்தத் தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிப்பது அதனால்தான். கிட்னிப் பிரச்சினை இருந்தால் டொக்டரைக் கேட்காமல் இந்தப் போத்தலைத் தொடாதீர்கள்.

பிள்ளைக்குப் போடும் ஊசியில் அலுமினியம் இருக்கிறதாம். பயமாக இருக்கிறது, மிஸ்.

பயம் நியாயமானது, கேட்டது நல்லது. 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பு ஊசியில் அலுமினிய உப்பு இருக்கும். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பு) ஊசியிலும் உண்டு. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்யும் பி.சி.ஜி., எம்.எம்.ஆர். போன்றவற்றில் இல்லை.

ஏன் சேர்க்கிறார்கள் என்றால், 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளெனி என்பவரும் அவருடைய குழுவினரும் தொண்டைக்கரப்பான் தடுப்பு மருந்தைச் சீனக்காரத்தால் வீழ்படியச் செய்து போட்டபோது, நோய் எதிர்ப்பு மிகவும் கூடியதைக் கண்டார்கள். அலுமினிய உப்பு ஊசி போட்ட இடத்துக்கு உடம்பின் காவல் கலங்களைக் கூப்பிடும். அதனால் குறைந்த மருந்தில், குறைந்த தடவைகளில் வேலை முடிகிறது. ஒரு டோஸில் இருப்பது 1 மில்லிகிராம் சுற்றளவில், பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி, சிவப்பு, வலி வரலாம், தானாகவே மறையும். ஏறக்குறைய நூறு வருடமாகக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த பொருள் இது. என் மகளுக்கும் எல்லா ஊசியும் தவறாமல் போட்டேன்.

அலுமினியம் சேர்ந்த ஊசி மருந்து உறையக் கூடாது. உறைந்தால் உப்புத் துணிக்கைகள் கட்டிபட்டு மருந்து பழுதாகும். 2 முதல் 8 பாகைக்குள் வைப்பதும், சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி, எவ்வளவு வேகமாக அடைகிறது என்று பார்ப்பதும் இதற்குத்தான். தனியாரிடம் ஊசி மருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் ஐஸ் கட்டியில் நேரே படும்படி வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வேறு எதற்குப் பாவிக்கிறார்கள்?

சிறுநீர்ப்பையில் நிற்காத இரத்தக்கசிவு இருந்தால் 1 சதவீதச் சீனக்காரக் கரைசலால் கழுவுவார்கள். பல் வைத்தியர்கள் முரசை (ஈறை) விலக்கப் பாவிக்கும் நூலிலும் அலுமினிய உப்பு ஊறியிருக்கும்.

சாயம் போடுகிறேன், மஞ்சள் கழுவியதும் போய்விடுகிறது. சீனக்காரம் உதவுமா?

உதவும். மஞ்சள் சாயம் வெயிலில் எப்படியும் மங்கும், ஆனால் கழுவலுக்கு நிற்பது கூடும். பருத்தியை முதலில் நன்றாகக் கழுவி, கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு துணி எடையில் 10 முதல் 15 சதவீதம் சீனக்காரம் கரைத்த தண்ணீரில் போட்டு, அதன் பின் சாயத்தில் இறக்குங்கள். அலுமினியம் நூலிழையையும் சாயத்தையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதிதல்ல என்பதில் எனக்கு நிரம்பப் பெருமை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலில் வளரும் சாயவேர் ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்கமே பொறுப்பெடுத்துத் தோண்டுவித்த சரக்கு. அந்த வேரைத் தனியாகக் கொதிக்க வைத்தால் துணியில் நிற்பது மங்கல் நிறம். சீனக்காரம் ஏற்றிய துணியில் அதே வேர் ஆழ்ந்த சிவப்பு. இரும்பு ஏற்றினால் கறுப்பை நோக்கிப் போகும்.

பழைய புத்தகங்கள் பழுப்பாகி நொறுங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமா?

சம்பந்தம் உண்டு. மை ஊறாமலிருக்க மரப்பிசினையும் அலத்தையும் சேர்க்கும் முறையை 1807இல் ஜெர்மனியில் மொரிட்ஸ் இல்லிக் வெளியிட்டார். அலத்தின் அமிலம் மெல்ல மெல்லக் காகித நாரை அறுத்துவிடும். நம்மூர் ஈரப்பதனும் வெப்பமும் அதை விரைவாக்கும்.

ஸ்கூல் புரொஜெக்டுக்குப் பளிங்கு வளர்க்கிறோம், வரவே மாட்டேன் என்கிறது.

முதலில் உங்களிடம் இருப்பது சீனக்காரக் கல்தானா என்று பாருங்கள். அலுமினியம் சல்பேற்றில் நல்ல பளிங்கு வராது. 100 மில்லிலீட்டர் சுடுநீரில் 20 கிராம் கரையுங்கள். குளிர் நாட்டுச் செய்முறைகளில் குறைந்த அளவு போட்டிருப்பார்கள், நம் 30 பாகை வெப்பத்தில் அது கரைந்தபடியே கிடக்கும். வடித்து ஆற வைத்தால் அடியில் சிறு பளிங்குகள் தோன்றும். அழகான ஒன்றை நூலில் கட்டி, ஆறின தெளிந்த கரைசலில் தொங்க விட்டு, மேலே டிஷ்யூ போட்டு மூடுங்கள்.

வெயில் படும் யன்னலோரம் வேண்டாம். பகலில் சூடேறினால் வளர்ந்தது கரைந்துவிடும். கொழும்புக் காற்றில் ஈரம் கூட என்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், இரண்டு கிழமை பொறுமை வேண்டும். எட்டு முகம் கொண்ட, இரண்டு பிரமிட்டை அடியோடு அடி ஒட்டியது போன்ற கல் கிடைக்கும். என் மகள் வளர்த்தது கட்டைவிரல் நகமளவு வந்தது.

நுவரெலியாவிலிருந்து கொண்டு வந்த ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கவில்லையே?

மண்ணில் அமிலமும் அலுமினியமும் போதாது. நீர் விடும்போது அலுமினியம் சல்பேற்று கொஞ்சம் கரைத்து விடுங்கள். ஆனால் கொழும்பு வெக்கையில் அந்தச் செடி பூப்பதே கஷ்டம்.

அலுமினியச் சட்டியில் சமைத்தால் மறதி நோய் வருமா?

அப்படி நிறுவப்படவில்லை. புளிக்குழம்பு, தக்காளி மட்டும் வேறு சட்டியில் வைப்பது நல்லது, புளிப்பு அலுமினியத்தைக் கூடுதலாகக் கரைக்கும்.

பிள்ளை கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுவிட்டது!

துப்ப வையுங்கள், வாயைக் கழுவுங்கள், கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். துவர்ப்பு தாங்காமல் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகவே துப்பிவிடுவார்கள். விழுங்கியிருந்தால், வாய் வெந்திருந்தால், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சக் கல்லையும் எடுத்துப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, டொக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் அக்காவின் மகனுக்கு நடந்தது இது. அம்மா இரண்டையும் ஒரே மாதிரி ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருந்தார், ஒரே தட்டில். பிள்ளை துப்பிவிட்டு அழுததோடு சரி. அன்றைக்கே சீனக்காரத்தைத் தகர டின்னுக்கு மாற்றி, மூடியில் சிவப்பு பிளாஸ்டர் ஒட்டி, பெயரை எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.